மீன் பிடிக்கப் போகலாம், ஆள் பிடிக்க வேண்டாம்

"பிடிச்ச மீனைத் திரும்பத் தண்ணில விடுகானுவளா? அப்பம் எதுக்கு மக்களே பிடிக்கானுவ?"

போன வாரம் போன்ல அப்பா கேட்ட கேள்வி. நான் இங்கே டெக்சாஸ்ல ஒரு சர்ச்சோட மீன்பிடி சங்கத்துல சேர்ந்து மாசம் ஒரு தடவை ஏரிக்குப் போறேன்னு சொன்ன நாள்ல இருந்தே அவருக்கு இதுல ஏதோ சரியில்லன்னு ஒரு எண்ணம். முப்பது வருஷத்துக்கு மேல கடலுக்குப் போன மனுஷன். மகன் கடலுக்குப் போகக்கூடாதுன்னு படிக்க வச்சார். அவன் பதினஞ்சாயிரம் கிலோமீட்டர் தாண்டிப் போய், பொழுதுபோக்குக்குத் தூண்டில் போடுறான்னா யாருக்குத்தான் பொறுக்கும்?

நம்ம க்ளாஸ் மக்கள் ஏற்கெனவே என்னைக் கிண்டல் பண்ணியாச்சு, அதனால இதை முழுசா எழுதிடலாம்னு நினைக்கிறேன். சிரிக்கிற விஷயமும் இருக்கு, எனக்குக் கோபம் வந்த விஷயமும் இருக்கு.

முதல்ல சங்கம்னா என்னன்னு சொல்லிடறேன். பதினாலு பேர். பாதிப்பேருக்கு அறுபது வயசைத் தாண்டியாச்சு. ஓய்வுபெற்ற பள்ளிப் பேருந்து ஓட்டுநர் ஒருத்தர், வெல்டர் ஒருத்தர், கணக்கு டீச்சர் அம்மா ஒருத்தங்க, பேரனைக் கூட்டிட்டு வர்ற ஒரு தாத்தா, இப்படி. மாசத்தோட ரெண்டாவது சனிக்கிழமை காலையில அஞ்சரை மணிக்கு சர்ச் பார்க்கிங்ல கூடணும். சர்ச் வேன்ல பின் சீட்டுல தூண்டில் கோலெல்லாம் கட்டி வச்சிருக்கும். வழியில டோனட், காப்பி. பெரும்பாலும் போறது லிவிங்ஸ்டன் ஏரிக்கு. ஏரின்னு பேரு, ஆனா ட்ரினிட்டி ஆத்துல அணை போட்டுத் தேக்கின தண்ணி. டெக்சாஸ்ல பெரிய ஏரிகள் கிட்டத்தட்ட எல்லாமே இப்படி அணை கட்டி வந்ததுதான். அங்கே அரசுப் பூங்காவுக்குள்ள கரையில நின்னோ, மரப்பாலத்துல உட்கார்ந்தோ தூண்டில் போட்டா லைசென்ஸ் வேண்டாம். நுழைவுக் கட்டணம் மட்டும்தான். மாணவர்களுக்கு இது ரொம்ப முக்கியமான தகவல், குறிச்சு வச்சுக்கோங்க :-)

நான் எப்படி சேர்ந்தேன்? எனக்குக் கார் கிடையாது, அவ்வளவுதான் காரணம். மளிகைக் கடைக்கு நடந்து போய்ட்டு ரெண்டு கையிலயும் பை தொங்க வெயில்ல வந்துக்கிட்டிருந்தேன். அந்தப் பேருந்து ஓட்டுநர் தாத்தா வண்டியை நிறுத்தி ஏத்திக்கிட்டார். எந்த ஊர்னு கேட்டார். முட்டத்துக்கும் குளச்சலுக்கும் நடுவுலன்னு சொன்னா அவருக்கு என்ன புரியும்? "கடற்கரை, மீனவர் குடும்பம்"னு சொன்னேன். உடனே முகம் மலர்ந்து போச்சு. "அப்படின்னா சனிக்கிழமை எங்ககூட வா"ன்னார். நான் அவரை சார்னு கூப்பிடுவேன், அவர் என்னை மகனேன்னு கூப்பிடுவார். இத்தனைக்கும் அவங்க பாப்டிஸ்ட், நான் கத்தோலிக்கன். அன்னைக்கு அதை யாரும் கேட்கல.

எங்க ஊரைப் பத்திக் கொஞ்சம் சொல்லணும், இல்லன்னா நான் ஏன் முதல் நாள் முழிச்சேன்னு புரியாது. எங்க ஊர்ல மீன்பிடிக்கிறதும் கோயிலும் தனித்தனி கிடையாது. பிடிச்ச மீன்ல கோயிலுக்கு ஒரு பங்கு உண்டு. கோயிலே அப்படிக் கட்டினதுதான். ஞாயித்துக்கிழமை கடலுக்குப் போகக்கூடாது. ஆனா மீன்பிடிக்கிறதுல 'ஐக்கியம்' அனுபவிக்கிறதுக்காக யாரும் வள்ளம் தள்ளினதில்ல. கடல்ல பேச நேரம் ஏது? வலை இழுக்கணும், காத்து பார்க்கணும், எஞ்சின் பார்க்கணும். 2017 நவம்பர் 30 ஒக்கி புயல் அடிச்சப்ப நான் பள்ளிக்கூடத்துல இருந்தேன். எங்க பெரியப்பா போன படகு மகாராஷ்டிரா கரையில ஒதுங்கியிருக்குன்னு சேதி வர்ற வரைக்கும் வீட்டுல உலை வைக்கல. அவர் திரும்பி வந்தார். வராதவங்க எத்தனையோ பேர். அந்த நாட்களைப் பத்திப் பெரியப்பா இன்னைக்கு வரைக்கும் வாய் திறந்ததில்ல.

இப்படிப்பட்ட ஊர்ல இருந்து வந்தவன் கையில, பளபளன்னு ஒரு கோலைக் கொடுத்து, மடக்கு நாற்காலி போட்டு, பக்கத்துல ஐஸ் பெட்டியில குளிர்பானம் வச்சா எப்படி இருக்கும்? எனக்கு வெட்கமா இருந்தது. பத்தாததுக்கு 'மீனவர் மகன்'னு எல்லாரும் என்னையே பார்த்துக்கிட்டு இருந்தாங்க. தங்கூசி என் காலைச் சுத்திக்கிச்சு. ரீலை எந்தப் பக்கம் சுத்தணும்னே தெரியல. ஒன்பது வயசு பேரன் எனக்குச் சொல்லிக் கொடுத்தான்! அன்னைக்கு எனக்கு ஒரு மீன்கூட மாட்டல. அப்பாகிட்ட அதைச் சொல்லவே இல்ல.

விதிகளும் எனக்குப் புதுசு. லார்ஜ்மவுத் பாஸ்னு ஒரு மீன். டெக்சாஸ் பொது விதிப்படி 14 அங்குலத்துக்குக் குறைஞ்சா விட்டுடணும், ஒரு நாளைக்கு 5-க்கு மேல வச்சுக்கக் கூடாது. அதுக்காகவே ஒவ்வொருத்தர்கிட்டயும் அளவுகோல் இருக்கு. பெரிசா மாட்டினாலும் பலபேர் விட்டுடறாங்க. இதுக்கு ஒரு கதை உண்டு. ரே ஸ்காட்னு அலபாமாக்காரர் ஒருத்தர் 1967-ல ஆர்கன்சாஸ்ல பீவர் ஏரியில பாஸ் மீன்பிடிப் போட்டி நடத்தி, அடுத்த வருஷம் அதுக்குன்னு ஒரு சங்கமே ஆரம்பிச்சார். போட்டி பெருகினதும் மீனெல்லாம் செத்துக் குவியுதேன்னு 1972-ல உயிரோட திருப்பி விடுற முறையைக் கொண்டு வந்தார். அங்கிருந்து பழக்கமாச்சு. அதுவும் போக, இங்கே தூண்டில் கோல், ரீல் வாங்கினா 1950-ல வந்த ஒரு சட்டப்படி பத்து சதவீத வரி விழுது. அந்தப் பணம் மாநிலங்களுக்குப் போய் மீன்வளத்துக்கே செலவாகுது. இதைச் சொன்னதும் அப்பா கொஞ்சம் யோசிச்சார். 61 நாள் தடைக்காலத்துல (2017-க்கு முன்னாடி 45) வீட்டுல சும்மா இருந்து பழகினவர் அவர். "அது நல்ல ஏற்பாடுதான்"னார். மீனை விடுறது மட்டும் அவருக்கு இன்னும் ஒத்துக்கல.

கெளுத்தியை மட்டும் விடமாட்டாங்க. சர்ச் பின்பக்கம் பெரிய எண்ணெய்ச் சட்டி வச்சு, மக்காச்சோள மாவுல புரட்டிப் பொரிப்பாங்க. மிளகாய்த்தூள் போட மாட்டேங்கிறாங்கன்னு ஒரு குறை. நான் ஒரு தடவை வீட்டுல இருந்து மசாலா கொண்டு போனேன். வெல்டர் நாலு துண்டு சாப்பிட்டுட்டு, கண்ணுல தண்ணியோட, ரொம்ப நல்லாருக்குன்னார். எது உண்மைன்னு தெரியல.

இப்ப முக்கியமான விஷயம். நாலாவது தடவை போனப்பதான் எனக்கு அந்தச் சங்கம் எதுக்குன்னு புரிஞ்சது. எப்பவும் பாலத்தோட கடைசியில ஒருத்தர் தனியா உட்கார்ந்திருப்பார். மனைவி இறந்து எட்டு மாசம்னு சொன்னாங்க. சர்ச்ல அவரைச் சுத்தி ஆட்கள் நின்னு, கையைப் பிடிச்சு, எப்படி இருக்கீங்கன்னு கேட்பாங்க. நல்லா இருக்கேன்னு சொல்லிட்டுப் போயிடுவார். ஏரியில அவரை யாரும் எதுவும் கேட்கல. மூணு மாசம் வந்தார், இரை மாட்டினார், உட்கார்ந்தார், போனார். நாலாவது மாசம், தக்கையைப் பார்த்துக்கிட்டே, யாரையும் பார்க்காம, மனைவியோட கடைசி வாரத்தைப் பத்திப் பேச ஆரம்பிச்சார். பக்கத்துல இருந்த கணக்கு டீச்சரும் திரும்பிப் பார்க்கல. அவங்களும் தக்கையையே பார்த்துக்கிட்டு "ம்"ன்னாங்க. நடுவுல யாருக்கோ மீன் மாட்டிச்சு, சத்தம், சிரிப்பு. அப்புறம் விட்ட இடத்துல இருந்து தொடர்ந்தார்.

எனக்குப் பெரியப்பா ஞாபகம் வந்துச்சு. அவருக்கு இப்படி ஒரு பாலம் கிடைக்கலையேன்னு நினைச்சேன். எங்க ஊர்ல ஒக்கிக்கு அப்புறம் பங்குச்சாமியார் வந்தார், அதிகாரிகள் வந்தாங்க, டி.வி.க்காரங்க வந்தாங்க. எல்லாரும் நேருக்கு நேரா உட்கார்ந்து கேட்டாங்க. நேருக்கு நேரா கேட்டா பெரியப்பா மாதிரி ஆளுங்க பேச மாட்டாங்க. கண்ணுக்கு வேற ஒரு வேலை வேணும். கைக்கும் ஒண்ணு வேணும். மத்தவங்க பார்வை படாம பக்கத்துல இருக்கணும். மீன்பிடிக்கிறது இதுக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கு. காத்திருக்கணும், ஆனா சும்மா இருக்கிற மாதிரி தெரியாது.

இது புது விஷயமும் இல்ல. ஐசக் வால்டன்னு ஒருத்தர், லண்டன்ல கடை வச்சிருந்தவர், கவிஞர் ஜான் டன் பாதிரியா இருந்த பங்கைச் சேர்ந்தவர். இங்கிலாந்துல உள்நாட்டுப் போர் முடிஞ்சு, இவர் சார்ந்த பக்கம் தோத்து, இவரோட சபையே ஒடுங்கிக் கிடந்த காலத்துல, 1653-ல, 'தி கம்ப்ளீட் ஆங்க்லர்'னு மீன்பிடிக்கிறதைப் பத்தி ஒரு புத்தகம் போட்டார். சண்டையைப் பத்தி இல்ல, நண்பர்கள் ஆத்தங்கரையில நடந்துக்கிட்டே பேசுறதைப் பத்தி. இன்னைக்கும் அச்சுல இருக்கு. அவரைப் புதைச்சது வின்செஸ்டர் கதீட்ரல்ல. அங்கே 1914-ல இங்கிலாந்து, அமெரிக்கத் தூண்டில்காரங்க சேர்ந்து வச்ச கண்ணாடி ஜன்னல்ல, வால்டன் ஆத்தங்கரையில உட்கார்ந்து புத்தகம் படிச்சுக்கிட்டிருக்கார். தூண்டில் சும்மா பக்கத்துல கிடக்கு. எனக்குப் பிடிச்ச விஷயம் அதுதான்.

சரி, கோபத்துக்கு வருவோம்.

இந்த வசந்த காலத்துல சர்ச்சுக்குப் புதுசா ஒரு உதவி பாஸ்டர் வந்தார். நல்ல மனுஷர், இதை அழுத்திச் சொல்லிடறேன். எனக்கு ஃப்ளூ வந்தப்ப அறைக்கே சூப் கொண்டு வந்து கொடுத்தவர். ஏப்ரல்ல ஒரு சனிக்கிழமை, வேன் முன் சீட்டுல உட்கார்ந்தேன். எதிர்ல ஒரு அட்டையில தாள் செருகியிருந்தது. ரெண்டு பத்தி. ஒண்ணுல 'உறுப்பினர்கள்'. இன்னொண்ணுல 'கொண்டுவர வேண்டியவர்கள்'ங்கிற அர்த்தத்துல ஒரு தலைப்பு. ரெண்டாவதுல அஞ்சு பேர். மூணாவது பேரு என்னோடது. பக்கத்துல குறிப்பு: கத்தோலிக்கர், இந்தியா, கார் கிடையாது.

கத்தோலிக்கர்னு போட்டது எனக்கு உறைக்கல. அந்த 'கார் கிடையாது'தான் உறைச்சது. மளிகைப் பையோட என்னை ஏத்திக்கிட்டது, டோனட், மசாலா மீன், எல்லாத்தையும் திருப்பிப் போட்டுப் பார்க்க வச்சிருச்சு அந்த ஒத்தை வரி. இத்தனை நாள் நான் தூண்டிலுக்கு எந்தப் பக்கம் இருந்தேன்?

தாத்தாகிட்டயே கேட்டேன். அவருக்கு அந்தத் தாளைப் பத்தி ஒண்ணும் தெரியாது. வாங்கிப் படிச்சுப் பார்த்துட்டு முகம் சிவந்து போச்சு. கொஞ்ச நேரம் கழிச்சு, "மகனே, நான் உன்னைக் கூட்டிட்டு வந்தது ஐஸ் பெட்டி தூக்க ஆள் வேணும்னுதான்"னார். என் மனசு அதுல பாதி ஆறிடுச்சு.

அப்புறம் விசாரிச்சா, திட்டம் பெரிசு. இனிமே ஒவ்வொரு உறுப்பினரும் சர்ச்சுக்கு வராத ஒருத்தரைக் கூட்டிட்டு வரணும். கரையில இருபது நிமிஷம் செய்தி, யாராவது ஒருத்தர் சாட்சி சொல்லணும். போட்டோ எடுக்கணும். வருஷக் கடைசியில எத்தனை பேர் வந்தாங்க, அதுல எத்தனை பேர் சேர்ந்தாங்கன்னு கணக்கு.

உதவி பாஸ்டர்கிட்ட நேரா போய்ப் பேசினேன். அவர் எதையும் மறைக்கல. வேனுக்குப் பெட்ரோல், இன்சூரன்ஸ் எல்லாம் காணிக்கைப் பணம். பதினாலு பேர் சந்தோஷமா மீன்பிடிக்க சபை ஏன் செலவு பண்ணணும்னு நிர்வாகக் குழுவுல கேட்கிறாங்க. நியாயமான கேள்விதானே? அதோட, தான் நம்புறது உண்மையிலேயே நல்ல செய்தின்னா அதை நண்பன்கிட்ட சொல்லாம இருக்கிறதுதான் தப்புன்னார். அதுவும் எனக்குப் புரியுது. கடைசியா சிரிச்சுக்கிட்டே, "பேதுருவே மீனவர்தானே, மனுஷரைப் பிடிக்கத்தானே கூப்பிட்டார்"னார்.

இந்த இடத்துலதான் மீனவன் மகனா எனக்குச் சொல்ல ஒண்ணு இருந்தது. இத்தனை நாள் பாலத்துல தங்கூசியில சிக்கி மானத்தை வாங்கினேன்ல, அதுக்கும் சேர்த்து :-)

பேதுரு தூண்டில்காரர் இல்ல. வலைக்காரர். மத்தேயுவுல அவரையும் அந்திரேயாவையும் கூப்பிடறப்ப அவங்க கையில இருக்கிறது வீச்சுவலை. நாலு சுவிசேஷத்துலயும் பேதுரு தூண்டில் போடறது ஒரே ஒரு இடம்தான், அதுவும் கோயில் வரி கட்டக் காசு எடுக்க! வலைக்கும் தூண்டிலுக்கும் என்ன வித்தியாசம்னு எங்க ஊர்ல சின்னப் பையனைக் கேட்டாலும் சொல்வான். தூண்டில்ல இரை இருக்கு, இரைக்குள்ள முள் இருக்கு. மீனுக்குப் பிடிச்சதைக் காட்டி, பிடிக்காததைச் செய்யணும். வீச்சுவலையில இரை கிடையாது. யாரையும் ஏமாத்துற வேலை இல்ல. வலை உவமையிலயும் பாருங்க, எல்லா வகை மீனும் உள்ள வருது. பிரிக்கிறது கடைசி நாள்ல, அது வானதூதர் வேலை. வேன்ல தொங்குற தாளோட வேலை இல்ல.

இன்னொண்ணும் சொன்னேன். இயேசு உயிர்த்த பிறகு, யோவான் 21-ல, பேதுரு மீன்பிடிக்கப் போறேன்னு கிளம்பறார், மத்தவங்களும் கூட வர்றோம்னு போறாங்க. மொத்தம் ஏழு பேர். ஒரு நோக்கமும் இல்ல. துக்கம், குழப்பம், குற்ற உணர்ச்சி, என்ன செய்யறதுன்னு தெரியாம பழகின வேலைக்குப் போறாங்க. பாலத்துக் கடைசியில உட்கார்ந்திருந்தவர் மாதிரியே. ராத்திரி முழுக்க ஒண்ணும் கிடைக்கல. விடியக்காலம் 153 மீன் கிடைச்சு (எண்ணிப் பார்த்தது யாரோ அசல் மீனவனாத்தான் இருக்கணும்) கரைக்கு வந்தா, அங்கே கரி நெருப்புல மீனும் அப்பமும் தயாரா இருக்கு. பேதுருகிட்ட கேட்க வேண்டிய கடினமான கேள்வி இருந்தது. ஆனா அவங்க சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் அவர் கேட்கல. கையில தாள் வச்சுக்கிட்டு யாரும் நிக்கல.

இதுல நான் சொல்றது மதத்தைப் பத்தி மட்டும் இல்ல. நம்ம காலேஜ்ல என்.எஸ்.எஸ். கேம்ப் போனோமே, ஞாபகம் இருக்கா? மரம் நட்டது பத்து நிமிஷம், பேனர் பிடிச்சு போட்டோ எடுத்தது ஒரு மணி நேரம். ராத்திரி மொட்டை மாடியில படுத்துக்கிட்டு பேசினோமே, அதுதான் மிஞ்சினது. அதை ரிப்போர்ட்ல யாரும் எழுதல. எழுதச் சொல்லியிருந்தா பேசியிருக்கவே மாட்டோம். எதையும் எதுக்காவது ஒண்ணுக்காக மட்டும்தான் செய்யணும்னு நினைக்கிறவங்க கையில இந்த மாதிரி நேரங்கள் தாங்காது. மனைவியை இழந்தவர் பேசினது, அவரைப் பேச வைக்கணும்னு அங்கே யாரும் திட்டம் போடாததாலதான். அடுத்த மாசம் 'சாட்சி' சொல்ல அவரைக் கூப்பிட்டிருந்தா அவர் ஏரிக்கே வந்திருக்க மாட்டார்.

இலவச வேன், இலவச சாப்பாடு, இதுல உனக்கு என்னடா குறைன்னு என் ரூம்மேட் கேட்டான். இலவசம்னு நினைச்சிருந்தா குறையே இல்ல. நான் நட்புன்னு நினைச்சதாலதான் பிரச்சினை. உதவி பாஸ்டர் என்கிட்ட நேரா, "எங்க சபைக்கு வர்றியா?"ன்னு கேட்டிருந்தா, "இல்ல, நான் கத்தோலிக்கன்"னு சிரிச்சுக்கிட்டே சொல்லியிருப்பேன், அவரும் சிரிச்சிருப்பார். கேட்கிறதுல தப்பே இல்ல. மறைச்சு வைக்கிற முள்தான் தப்பு.

அவர் முழுசா ஒத்துக்கல. ஆனா அந்தத் தாளைக் கிழிச்சார், என் முன்னாடியே. பெட்ரோல் செலவை இனிமே நாங்களே பங்கு போட்டுக்கிறோம்னு வெல்டர் கூட்டத்துல சொல்லிட்டார். நான் மாணவன்கிறதால பாதிப் பங்கு. செய்தி இருபது நிமிஷம் இல்லாம, சாப்பிடறதுக்கு முன்னாடி ஒரு சின்ன ஜெபம் மட்டும்னு இப்போதைக்கு முடிவு. நிர்வாகக் குழு இலையுதிர் காலத்துல திரும்பவும் எடுக்கப் போகுதாம். அப்ப என்ன ஆகும்னு சொல்ல முடியாது.

அப்பாகிட்ட இதையெல்லாம் சொன்னேன். ரொம்ப நேரம் பேசல. அப்புறம், "அந்த மனுஷன், பெஞ்சாதி செத்துப்போனவரு, இப்பவும் வாறாரா?"ன்னு கேட்டார். வர்றார்னு சொன்னேன். "பெரியப்பனை ஒரு நாள் நானும் குளத்துக்குக் கூட்டிட்டுப் போறேன், சும்மா தூண்டில் போட"ன்னார். கடல்காரங்க ரெண்டு பேர் குளத்தங்கரையில தூண்டிலோட உட்கார்ந்தா ஊரே சிரிக்கும். சிரிக்கட்டும்.

இந்த சனிக்கிழமை இரை வாங்குற முறை என்னோடது. கெளுத்திக்குக் கோழி ஈரல்தான் சரின்னு தாத்தா சொல்றார், முதல் நாளே வாங்கி ஃபிரிட்ஜ்ல வைக்கணும். ரூம்மேட்கிட்ட இன்னும் சொல்லல.